பங்கு கேட்கும் முன் மட்டம் பாருங்கள்

நாட்டின் எல்லை தாண்டிக் கிடக்கும் நிலத்தடி நீரை மதிப்பிடவும் பேணவும் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஜெனீவா நகரத்தின் அடியில் ஒரு சரளைமண் நீர்ப்படுகை இருக்கிறது. நீளம் சுமார் 19 கிலோமீட்டர். அகலம் பல இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. அதன் மேலே ஸ்விட்சர்லாந்தும் பிரான்ஸும் சந்திக்கும் எல்லை போகிறது. 1960-களில் இரு பக்கத்தாரும் அவரவர் தேவைக்கு இறைத்தார்கள். இயற்கையாக ஆண்டுக்குச் சேர்வது சராசரியாக 75 லட்சம் கன மீட்டர், அதாவது நம் கணக்கில் கால் டி.எம்.சி.யைவிடச் சற்று அதிகம். 1970-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டதோ 1.4 கோடி கன மீட்டர் வரை. இருபது ஆண்டுகளில் நீர்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் இறங்கியது. சில கிணறுகளை நிறுத்திவிட வேண்டிவந்தது.

இன்று அந்தப் படுகை மீண்டிருக்கிறது. 1978 முதல் நடைமுறையில் உள்ள ஓர் உடன்பாடும், அதன் கீழ் ஆற்று நீரை மண்ணுக்குள் இறக்கும் ஒரு நிலையமும்தான் அதற்குக் காரணம்.

இப்படி நாடு தாண்டிக் கிடக்கும் நீர்ப்படுகைகள் உலகில் 468 என்கிறது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலுள்ள சர்வதேச நிலத்தடி நீர் மதிப்பீட்டு மையம் 2021-ல் வெளியிட்ட வரைபடம். அவற்றில் தெளிவான ஒப்பந்தம் உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆற்றுக்கு ஒப்பந்தம் போடுவது எளிது, ஏனென்றால் ஆறு கண்ணுக்குத் தெரிகிறது. மேலே அணை கட்டினால் கீழே இருப்பவர் அந்தக் கோடையிலேயே கேள்வி கேட்பார். பக்கத்து நாட்டு போர்வெல் நம் கிணற்றை இழுக்கிறது என்பது தெரியவர பத்து இருபது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் இரு பக்கமும் மின்கம்பம், பம்பு, பயிர், கடன் எல்லாம் ஊன்றிவிடும்.

இதனால்தான் பேச்சு உடனே “எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு” என்று போய்விடுகிறது. அங்கே தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இருப்பது எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்தக் கிணறு எந்த ஆழத்தில் குடிக்கிறது என்பதை இரு நாடும் சேர்ந்து அளந்த பிறகே பங்கைப் பற்றிப் பேச வேண்டும். நீரியல் அலுவலர்கள், எல்லை மாவட்ட நிர்வாகிகள், இதைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

கிணறுகளைக் கணக்கெடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கும். ஜெனீவா உடன்பாடு பொதுக் கிணறு, தனியார் கிணறு என்று பாராமல் அனைத்தையும் பட்டியலிடச் சொல்கிறது. எடுக்கும் நீரை அளக்க மீட்டர் வைக்கச் சொல்கிறது. பட்டியலில் இடமும் உரிமையாளரும் மட்டும் இருந்தால் போதாது. மொத்த ஆழம், ஃபில்டர் குழாய் எந்த அடியிலிருந்து எந்த அடி வரை, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எந்த மாதங்களில் ஓடுகிறது, துளையிட்டபோது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்பனவும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எளிதில் காணாமல் போவது. போர் போட்டவர் நோட்டில் குறித்திருப்பார். வேலை முடிந்ததும் அது அவரோடு போய்விடும். அடுத்தடுத்த வயல்களில் உள்ள இரண்டு குழாய்க் கிணறுகளில் ஒன்று 40 மீட்டரிலும் மற்றொன்று 200 மீட்டரிலும் நீர் எடுத்தால், அவை வெவ்வேறு நீர்ப்படுகைகளைத் தொடுகின்றன என்றே கொள்ள வேண்டியிருக்கலாம். அந்தக் குறிப்பு இல்லாமல் இரண்டின் நீர்மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்தால், வரும் கோடு எதையும் சொல்லாது.

மீட்டர் இல்லாத பகுதிகளில் மின்சார யூனிட், டீசல் விற்பனை, பயிர்ப் பரப்பு ஆகியவற்றிலிருந்து மதிப்பிடலாம். ஆனால் இரு நாடும் ஒரே வழியில் மதிப்பிட வேண்டும்.

ஒரே வாரத்தில், ஒரே முறையில், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து அளவிடுங்கள். ஒரு நாடு மே மாதத்தில் அளந்து மற்றது ஆகஸ்டில் அளந்தால், இடையில் பெய்த மழைதான் எல்லையின் இரு பக்க வித்தியாசமாகத் தெரியும். இந்தியாவில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் பார்க்கிறது. அண்டை நாட்டோடு நாள் ஒத்துப்போகாவிட்டால் நான்கும் பயனற்றுப் போகும். அளப்பதற்கு முன் பம்பு எத்தனை மணி நேரம் நின்றிருக்க வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள்.

தொடக்கப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிணற்றின் வாயிலிருந்து நீர் வரை உள்ள ஆழத்தை யாரும் அளந்துவிடலாம். அதைக் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று மாற்றினால்தான் நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் உயரம் அளக்கும் அடிப்படை வேறு. ஸ்விட்சர்லாந்தின் உயரங்களுக்கெல்லாம் தொடக்கம் ஜெனீவா துறையில் ஏரி நீருக்கு மேலே தலைகாட்டும் நித்தோன் பாறை. அதன் உயரம் 376.86 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டு வந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 373.6 என்று திருத்தினார்கள். பாறை அசையவில்லை, எண் மூன்று மீட்டருக்கு மேல் மாறிவிட்டது. ஏழு மீட்டர் இறக்கத்தைப் பற்றி இரு நாடுகள் பேசும் இடத்தில் மூன்று மீட்டர் குழப்பம் சிறியதல்ல. எல்லையோரக் கண்காணிப்புக் கிணறுகளின் வாய்மட்டத்தை இரு நாட்டு நில அளவையாளரும் சேர்ந்து நின்று சமன்படுத்தி எழுதட்டும். சில நாள் வேலை. வருங்காலச் சண்டைகள் பலவற்றை அது தடுக்கும்.

நீரின் வயதைக் கேளுங்கள். எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் அடியில் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது நூபிய மணற்கல் நீர்ப்படுகை. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அந்த நீரை கிரிப்டான்-81 ஐசோடோப்பால் ஆராய்ந்தபோது 2 லட்சம் ஆண்டு முதல் 10 லட்சம் ஆண்டு வரை வயது கிடைத்தது. இது வரவு நின்றுபோன சேமிப்பு. இத்தகைய படுகையில் “ஆண்டு வரவுக்குள் எடுப்போம்” என்பது பொருளற்ற வாக்குறுதி. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தத் தேவைக்கு, எவ்வளவு மட்ட இறக்கம் வரை என்று நேரடியாகக் கேட்டு எழுத வேண்டும். வயதைச் சொல்லும் வேறு ஐசோடோப்புகளும் உண்டு. டிரிட்டியம் இருந்தால் நீர் அண்மைக் காலத்தது. கார்பன்-14 ஆயிரக்கணக்கான ஆண்டுகளைச் சொல்லும். முதல் ஆண்டிலேயே இந்தச் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

தரத்தை அளவோடு சேர்த்தே மதிப்பிடுங்கள். சிந்து–கங்கைச் சமவெளி இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம் நான்குக்கும் பொதுவானது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கே மேல் 200 மீட்டருக்குள் சுமார் 30,000 கன கிலோமீட்டர் நீர் இருப்பதாகக் கணக்கிட்டது. பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் நீர்மட்டம் நிலையாக இருந்தது அல்லது ஏறியிருந்தது. ஆனால் அந்த நீரில் சுமார் 60 விழுக்காட்டை உப்பும் ஆர்செனிக்கும் கெடுத்துவைத்திருந்தன. மட்டத்தை மட்டும் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வரம்பையும் பொதுவாக்குங்கள். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வங்கதேசத்தின் வரம்பு 50. நடுவில் நிற்கும் கிணறு ஒரு பட்டியலில் நல்லது, மற்றதில் கெட்டது. எந்த வரம்பை வைத்து வரைந்த வரைபடம் என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

கிணறு கூடாத பட்டை ஒன்றை வரையுங்கள். ஜோர்டானும் சவூதி அரேபியாவும் 2015 ஏப்ரலில் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்கு நல்ல மாதிரி. ஒரே மணற்கல் படுகையைச் சவூதி சாக் என்கிறது, ஜோர்டான் திசி என்கிறது. சவூதியில் தபூக் வட்டாரத்துக் கோதுமைப் பண்ணைகள் 1980-களிலிருந்து அதை இறைத்தன. ஜோர்டான் 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாய் வழியே ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர், ஏறத்தாழ மூன்றரை டி.எம்.சி., அம்மானுக்குக் கொண்டுபோகிறது. ஒப்பந்தம் யாருக்கு எத்தனை கன மீட்டர் என்று பிரிக்கவில்லை. எல்லையை ஒட்டிய பாதுகாப்புப் பட்டையில் நிலத்தடி நீரை நம்பிய வேலை எதுவும் கூடாது, இருப்பதையும் ஐந்து ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும். அடுத்த பட்டையில் ஊர்க் குடிநீருக்கு மட்டும் எடுக்கலாம். படுகைக்குள் கழிவைச் செலுத்தத் தடை. கண்காணிக்க ஒரு கூட்டுத் தொழில்நுட்பக் குழு. பண்ணை இருக்கிறதா இல்லையா என்பதை விண்ணிலிருந்துகூடப் பார்த்துவிடலாம். எத்தனை கன மீட்டர் எடுத்தார்கள் என்பதை அப்படிச் சரிபார்க்க முடியாது. நம்பிக்கை குறைவான அண்டை நாடுகளுக்கு இந்த வழியே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நிரப்பும் செலவைப் பகிருங்கள். ஜெனீவாவில் செய்தது இதுதான். மோன் பிளாங்க் பனிமலைப் பக்கத்திலிருந்து வரும் ஆர்வ் ஆற்றின் நீரை வெஸி என்ற இடத்தில் எடுத்துச் சுத்திகரித்து, நிலத்தடியில் பதித்த துளைக் குழாய்கள் வழியே படுகைக்குள் விடுகிறார்கள். 1980 முதல் இது நடக்கிறது. ஆறு கலங்கி வரும்போதும் மாசு வரும்போதும் நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் சேற்று நீர் உள்ளே போனால் குழாயும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். நிலையத்தைக் கட்டியதும் நடத்துவதும் ஜெனீவா மாநிலம். பிரெஞ்சுப் பக்கம் ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம். அதில் 20 லட்சத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் நிரப்பும் செலவில் பங்கு தர வேண்டும். பணம் நீரோடு கட்டப்பட்டிருப்பதால் இரு பக்கமும் மீட்டரைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

அருகில் இருப்பவர்கள் கையில் கொடுங்கள். அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் ஜெனீவா மாநிலமும் பிரான்ஸின் ஓத்-சவ்வா வட்டார நிர்வாகமும். பக்கத்துக்கு மூவராக ஆறு பேர் கொண்ட குழு நடத்துகிறது. முப்பது ஆண்டு முடிந்து 2008-ல் புதுப்பித்தபோது பிரெஞ்சுப் பக்கம் உள்ளூர் நகராட்சி அமைப்புகளே கையெழுத்திட்டன. நிலத்தடி நீரின் சிக்கல் தலைநகரில் நடப்பதில்லை. எல்லா அரசியலமைப்பும் இதற்கு இடம் தராது. தராத இடத்தில் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழுவுக்காவது அனுமதி வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

இறையாண்மையில் பேச்சைத் தொடங்காதீர்கள். ஐ.நா. பொதுச்சபை 2008 டிசம்பரில் எல்லை கடந்த நீர்ப்படுகைகள் பற்றிய 19 வரைவு விதிகளைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. சர்வதேச சட்ட ஆணையத்தில் ஜப்பானின் சூசெய் யமாதா பொறுப்பில் உருவானவை அவை. நியாயமான பயன்பாடு, அண்டை நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாமை, தரவுப் பரிமாற்றம், கண்காணிப்பு என்று பயனுள்ளவை பல அவற்றில் உண்டு. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்குக் கீழுள்ள பகுதியின் மேல் இறையாண்மை உண்டு என்ற விதியைச் சுற்றியே வாதம் வளர்ந்தது. பொதுச்சபை அவ்வப்போது இந்த விதிகளை எடுத்துப் பார்க்கிறது. அவை இன்னும் உலக ஒப்பந்தமாகவில்லை. நகரும் நீருக்கு நிலத்தின் உரிமையைப் பொருத்துவது எனக்கு உடன்பாடில்லாதது. அது எப்படியானாலும், கண்காணிப்பு பற்றிய விதிகளை நாளைக்கே செயல்படுத்த எந்த நாட்டுக்கும் தடை இல்லை.

படுகை முழுவதையும் ஒரே தொட்டி என்று எண்ணாதீர்கள். அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே நான்குக்கும் பொதுவான குவாரனி நீர்ப்படுகை 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நிலத்தடிக் கடல் என்று பேசப்பட்டது. 2003 முதல் 2009 வரை நான்கு நாடுகளும் சேர்ந்து ஆராய்ந்தபோது வேறு படம் கிடைத்தது. பெரும்பகுதியின் மேல் தடித்த எரிமலைப் பாறை மூடியிருக்கிறது. மழைநீர் நுழைவது ஓரங்களில்தான். ஆழத்தில் உள்ள நீர் மிகப் பழையது, மிக மெதுவாக நகர்வது. ஒரு நாட்டில் இறைத்தால் தொலைவில் உள்ள மற்ற நாட்டில் மட்டம் குறையாது. பிரேசிலின் ரிபெய்ரோ பிரெட்டோ நகரம் இந்தப் படுகையை மட்டுமே நம்பிக் குடிக்கிறது. அங்கே மட்டம் பல பத்து மீட்டர் இறங்கியிருக்கிறது, அதன் பாதிப்பும் அந்த நகரத்துக்கே. அண்டை நாட்டோடு உண்மையில் பேச வேண்டிய இடங்கள் சில. உருகுவேயின் ரிவேராவும் பிரேசிலின் சன்தானா டோ லிவ்ரமென்டோவும் தெருவால் ஒட்டிய இரட்டை ஊர்கள். அங்கே பெரிய கவலை சாக்கடை. சால்டோ–கொன்கோர்டியா பகுதியில் இரு கரையிலும் வெந்நீர்க் கிணறுகள். அங்கே கேள்வி கிணறுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பது. நான்கு நாட்டுத் தலைவர்கள் பேசித் தீர்க்கும் பிரச்சினைகள் அல்ல இவை.

கசிவை வீண் என்று எழுதாதீர்கள். கலிஃபோர்னியாவில் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுபோகும் ஆல்-அமெரிக்கன் கால்வாய் மண் கால்வாயாக இருந்தவரை அதன் கசிவு எல்லை தாண்டி மெக்சிகோவின் மெக்சிகாலி பள்ளத்தாக்குக் கிணறுகளை நிரப்பியது. 2000-களின் இறுதியில் 37 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள். அமெரிக்கக் கணக்கில் அது ஆண்டுக்கு எட்டுக் கோடி கன மீட்டருக்கு மேல் சேமிப்பு. மெக்சிகோ உழவருக்கு அதே அளவு இழப்பு. கீழ்பவானிக் கால்வாயில் கான்கிரீட் போடும் திட்டத்தை ஈரோட்டு விவசாயிகள் எதிர்த்தது இதே காரணத்துக்காக என்பதைத் தமிழ் வாசகர் அறிவார். அங்கே எதிர்ப்பவரும் கட்டுபவரும் ஒரே அரசின் கீழ் இருந்தார்கள், மெக்சிகாலியில் அந்த வாய்ப்பும் இல்லை.

தரவைக் கோப்பில் பூட்டிவைக்காதீர்கள். ஒரு நாடு தனியே செய்த கணினி மாதிரியை அடுத்த நாட்டின் முன் நீட்டாதீர்கள். அது சரியாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அல்ஜீரியா, துனிசியா, லிபியா மூன்றும் வடமேற்கு சஹாரா படுகைக்கு ஒரே தரவுத்தளமும் ஒரே மாதிரியும் சேர்ந்து அமைத்தன. துனிஸ் நகரிலுள்ள சஹாரா–சாகேல் ஆய்வகம் அதற்கு இடம் தருகிறது. 1970-ல் சுமார் 60 கோடி கன மீட்டராக இருந்த இறைப்பு 2000-ல் 250 கோடி ஆனது, இயற்கை வரவு சுமார் 100 கோடி என்பதை மூன்று நாடுகளும் தங்கள் சொந்த எண்ணாக ஒப்புக்கொள்ள முடிந்தது அதனால்தான். இறைப்பு அதற்குப் பிறகும் குறையவில்லை. எண் ஒத்துப்போவது முதல் படி மட்டுமே. ஆனால் அதைத் தாண்டாமல் இரண்டாவது இல்லை.

செயற்கைக்கோளை மட்டும் நம்பாதீர்கள். பூமியின் ஈர்ப்பு மாற்றத்தை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களே 2002-க்கும் 2008-க்கும் இடையில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை உலகுக்குக் காட்டின. பெரும் பரப்புக்கு அது அருமையான கருவி. லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது நம்பகமாகப் பேசும். எல்லையின் எந்தப் பக்கத்துப் பம்பு என்று அதனால் சொல்ல முடியாது. ஜெனீவா படுகை அதன் கண்ணில் படவே படாது.

மேல் நீர் கெட்டால் ஆழத்துக்குப் போனால் போதும் என்று எண்ணாதீர்கள். வங்காளத்தில் ஆர்செனிக் பெரும்பாலும் மேல் நூறு மீட்டருக்குள் இருக்கிறது, ஆழத்தில் நல்ல நீர். அதைக் குடிநீருக்கு மட்டும் அளவாக எடுத்தால் நெடுங்காலம் வரும். பாசனத்துக்கும் ஆலைக்கும் இறைத்தால் மேலுள்ள நஞ்சு கீழே இழுபடும் வாய்ப்பு கூடும். நடுவே களிமண் தொடர்ச்சியாக இல்லாத இடத்தில் இது இன்னும் விரைவு. ஆழ்நீரைக் குடிநீருக்கென்று ஒதுக்குவதை இரு நாடும் ஒரே நேரத்தில் செய்யாவிட்டால் ஒரு பக்கம் செய்ததன் பயன் குறையும்.

ஒப்பந்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குவாரனி ஒப்பந்தம் 2010 ஆகஸ்டில் கையெழுத்தானது; நடைமுறைக்கு வந்தது 2020-ல். பத்து ஆண்டு மழையும் பத்து ஆண்டு இறைப்பும் அதற்குள் முடிந்துவிட்டன.

கங்கை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சில் நிலத்தடி நீரை விட்டுவிடாதீர்கள். 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் போட்ட ஒப்பந்தம் முப்பது ஆண்டுக்கானது. 2026 டிசம்பரோடு அதன் காலம் முடிகிறது. ஜனவரி முதல் மே வரை ஃபராக்கா தடுப்பணைக்கு எவ்வளவு நீர் வருகிறதோ அதைப் பிரிப்பதற்கான சூத்திரம் அதில் இருக்கிறது. நிலத்தடி நீர் அதில் இடம்பெறவில்லை. மழையில்லா மாதங்களில் ஆற்றில் ஓடும் நீரில் கணிசமான பகுதி கரையோர மண்ணிலிருந்து ஊறி வருவது. மேலே பல லட்சம் குழாய்க் கிணறுகள் பாசனத்துக்கு இறைக்கும்போது அந்த ஊற்று குறைகிறது, ஃபராக்காவின் அளவுகோலில் அது ஆற்றின் குறையாகத் தெரிகிறது. 1972 முதல் இயங்கும் கூட்டு நதிகள் ஆணையத்துக்கு இதைத் தொட அதிகாரம் தரலாம். பெரிய உடன்பாடு வேண்டியதில்லை. முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களிலும் எதிரே ராஜ்ஷாஹி, குஷ்டியா மாவட்டங்களிலும் ஏற்கெனவே உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் இரு நாட்டு நீர் வாரியங்களும் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒரே வாரத்தில் மட்டமும் ஆர்செனிக்கும் பார்த்து, ஒரே அட்டவணையில் வங்க மொழியில் வெளியிடட்டும். அந்த நீரைக் குடிப்பவர்கள் இரு கரையிலும் படிக்கும் மொழி அதுதான்.